விளக்குக்காரன்

எனக்கு நக்கல் நன்றாக வரும் ஐயா. சாயப்பட்டறையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஆட்களைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது என் வாய்தான். அதைக் கேள்விப்பட்டுத்தான் முதலாளி மகன் அருண்குமார் என்னைத் தேடி வந்தார். அப்போது இரண்டாயிரத்து எட்டு. கோவையில் கம்ப்யூட்டர் படித்து முடித்துவிட்டுச் சொந்தமாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார். உலகம் அழிந்த பிறகு திருப்பூர் எப்படி இருக்கும் என்பதுதான் கதை. பனியன் கம்பெனிகள் இடிந்து கிடக்கும். மிச்சமிருக்கும் சனம் நூல்கண்டைக் கொடுத்துத் தண்ணீர் வாங்கும். கேம் ஆடுகிறவர் அந்த ஊரில் ஒரு ஆளாக அலைந்து, எதிர்ப்படுகிறவர்களிடம் பேச வேண்டும். அந்தப் பேச்சை எழுத ஆள் தேடினார்.

"எல்லாரும் அழுதுட்டே இருந்தா எவனும் ஆடமாட்டானுங்கண்ணா. பொணம் கெடக்கிற எடத்துலதான் சிரிப்பு வரோணும்" என்றார்.

எனக்கு உடனே பிடிபட்டது. இழவு வீட்டில் பிறக்கும் கேலிக்கு ஈடு கிடையாது. எங்கள் சாத்தான்குளம் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒழுங்கான பதில் மூன்று, நக்கலாக ஒன்று என எழுதினேன். ரேஷன் கடை வாசலில் ஓர் எலும்புக்கூடு, "தள்ளாதீங்க, வரிசை போயிரும்" என்று சொல்லும். அருண்குமார் விழுந்து விழுந்து சிரிப்பார். நல்ல பையன். என்னை ஆரோக்கியண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

என் தம்பி சகாயராஜ் அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அதே பட்டறையின் கழிவுத் தொட்டியில் செத்தான். தொட்டியில் ஆள் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவது வழக்கம். விளக்கு அணைந்தால் உள்ளே விஷக்காற்று. யாரும் இறங்கக் கூடாது. அன்று அணைந்தது. வெளிக்காற்றில் அணைந்ததாகச் சொல்லப்பட்டது. அவன் இறங்கினான்.

யார் சொன்னது என்று கேட்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

அருண்குமார் அப்போது ஹாஸ்டலில் இருந்தார். வீட்டில் யாரும் அவர் காதில் போடவில்லை. நானும் சொல்லவில்லை. எழுதிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்து, தொட்டிக்குள் ஓர் எலும்புக்கூட்டை உட்காரவைத்தேன். கையில் அணைந்த விளக்கு. ஆடுகிறவர் கிட்டே போனால், "காத்துதான்னு சொன்னாங்க" என்று மட்டும் சொல்லும்.

அருண்குமாருக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. பிறகு சொன்னார்:

"ஏனுங்கண்ணா, வெளக்கு அணைஞ்சதப் பாத்துட்டுக் காத்துன்னு சொன்னவன் எத்தன பெரிய கூமுட்டையா இருப்பான்? அவனையும் ஒரு ஆளா வெச்சுடலாமுங்க. வெளக்கத் தூக்கிட்டு ஊரெல்லாம் சுத்தட்டும். பாக்கறவனெல்லாம் சிரிக்கட்டும்."

நானும் சிரித்தேன். ஆனால் பெற்ற அப்பன் அடித்தபோதுகூட எனக்கு அப்படி ஆத்திரம் வந்ததில்லை. தம்பியின் சாவைப் பார்த்து ஒருவன் சிரித்தால் அண்ணன் பொறுப்பானா? வஞ்சம் வைத்தேன். மறைக்கவில்லை.

விளக்குக்காரனுக்கு வசனம் எழுத நாலு நாள் கேட்டேன். படம் நிஜமாக இருக்க வேண்டுமானால் தொட்டியின் உள்சுவரைப் போட்டோ எடுங்கள் என்று நானே யோசனை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறை லீவு. மூடியை நகர்த்தி விளக்கை இறக்கினேன். பாதியிலேயே அணைந்தது. அருண்குமார் என் முகத்தைப் பார்த்தார்.

"காத்துதான் தம்பி, இறங்குங்க" என்றேன்.

நான் கயிற்றை ஆட்டி விளக்கை அணைத்துவிட்டு, விளக்குக்காரன் வசனத்தைச் சொல்லி விளையாடுவதாக நினைத்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் ஏணியில் கால் வைத்தார். நாலாவது படியில் கேமரா விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவர் விழுந்த சத்தம். ஏணியை மேலே இழுத்து, மூடியை இருந்தபடி வைத்து, கை கழுவிவிட்டு வெளியே போய் டீ குடித்தேன். சர்க்கரை குறைவாக இருந்தது. கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

தம்பிக்காகத்தான் செய்தேன். வேறு காரணம் இல்லை.

சகாயராஜிடம் காற்று என்று சொன்னது யார் என்று கேட்டீர்கள். சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார், எனக்கும் ஷிப்ட் முடிகிற நேரம். அன்றும் விளக்குக் கயிறு என் கையில்தான் இருந்தது. எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. சிரிக்க மட்டும் வேண்டாம்.