தடங்கல் படம்

வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பலருக்கும் உள்ள குணம்தான். இதற்காக யாரையும் உள்ளே தள்ளியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நீங்கள், ஐயா, நான் இந்தக் காவல் நிலையத்துக்குள் வந்தபோது தின்றுகொண்டிருந்த சோற்று உருண்டையை முழுக்க விழுங்கி, வாயைத் துடைத்த பிறகுதான் என் பெயரைக் கேட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லலாம் என்று தோன்றியது.

என் பெயர் குஸுமி சேய்கோ. கிதாமினாதோ தொலைக்காட்சியில் கலைப் பிரிவின் தலைவன். நீங்கள் இந்த மாவட்டத்தில் பிறந்தவர் என்றால் என் கைவேலையைப் பார்த்துத்தான் வளர்ந்திருப்பீர்கள். காலையில் ஒளிபரப்பு தொடங்குமுன், இசை ஒலிக்க, நிலையத்தின் பெயர் வருமே, அந்தப் படம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது வெறும் அட்டை. கறுப்புத் தாளில் வெள்ளைச் சாயத்தால் ஓர் அன்னத்தை வரைந்து, கேமராவுக்கு முன்னால் ஒரு தாங்கியில் நிறுத்துவோம். விளக்கின் சூட்டில் தாள் மெல்ல உப்பும். அன்னம் மூச்சு விடுவதுபோல இருக்கும். அதை நான் திருத்தவில்லை. நன்றாக இருந்ததை ஏன் திருத்த வேண்டும்?

பிறகு படச்சுருள் வந்தது. காமோகாதா உப்பங்கழிக்கு சைபீரியாவிலிருந்து குளிர்காலத்தில் அன்னங்கள் வரும். பின்னால் ஓனிகுரா மலை, அதன் உச்சியில் எங்கள் ஒளிபரப்புக் கோபுரம். ஓர் அன்னம் நீரைவிட்டு எழும்பி, மலையைக் கடந்து, கோபுரத்துக்கு மேல் போக வேண்டும். நாணலுக்குள் படுத்துக் கிடந்தேன். அதுகளோ சோம்பேறிகள். அலகை இறகுக்குள் செருகிக்கொண்டு மிதந்தன. கடைசியில் ஒரு வேட்டைநாயை இரவல் வாங்கிவந்து அவிழ்த்துவிட்டேன். கூட்டம் எழும்பியது. ஒன்றின் இறக்கை நாயின் வாயில் ஒடிந்தது. படத்தில் அது தெரியாது. படத்தின் சட்டத்துக்கு வெளியே நடப்பதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

அந்தப் படம்தான் ஊர் அறிந்த படம். அதற்குப் பிறகு நிலையத்தில் பணம் புரண்ட வருஷங்களில் ஹெலிகாப்டரில் ஏறி எடுத்தோம், பள்ளிப் பிள்ளைகளைப் பாடவைத்தோம். கணினி வந்ததும் என் அன்னத்தை வெள்ளியில் வார்த்து, பதக்கம்போலச் சுற்றவிட்டார்கள். சகித்துக்கொண்டேன். ராத்திரி பகல் என்றில்லாமல் ஒளிபரப்பு ஓடத் தொடங்கியது. முடிவே இல்லாததற்கு முடிவுப் படம் எதற்கு? அதைத் தூக்கினார்கள். விடியற்காலைப் படத்தையும் ஒரு தும்மல் நேரத்துக்குள் நறுக்கினார்கள். பதிலுக்குத் திரையின் மூலையில் நிலையத்தின் முத்திரையை நாள் முழுக்கத் தொங்கவிட்டார்கள். சட்டையில் சொட்டிய குழம்புபோல அது அங்கேயே கிடந்தது.

எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்பீர்கள். இரண்டு விஷயங்கள். ஒன்று, சாப்பாடு. நிகழ்ச்சியில் தின்று தீர்க்கப்படும் பண்டங்களை எங்கள் தொழிலில் 'மறையும் பொருள்' என்போம். நாற்காலி, பூச்சாடிபோல அதுவும் கலைப் பிரிவின் பொறுப்பு. அன்னம் வரைந்த கையால் கொழுக்கட்டைக்கு மாவு சலித்தேன். இரண்டாவது, தடங்கல் அட்டை. ஒளிபரப்பில் ஏதாவது கெட்டுப்போனால் போடும் படம். கழி, மலை, தன்னந்தனியாக ஓர் அன்னம். கீழே 'சற்றுப் பொறுத்திருங்கள்' என்ற எழுத்து. நாய் வருவதற்கு முன்னால் எடுத்தது அது. என் வேலைகளிலேயே சிறந்தது. ஆனால் இந்தக் காலத்து இயந்திரங்கள் கெட்டுப்போவதே இல்லை. அது ஏதோ ஒரு பெட்டிக்குள் யாரும் பார்க்காமல் கிடந்தது.

போன இலையுதிர்காலத்தில் நிகழ்ச்சிப் பிரிவின் தலைவியாக ஒகோனோகி அம்மையார் வந்தார். புதிய அடையாளப் படம் வேண்டும் என்றார். எடுத்தார்கள். எங்கள் மாவட்டத்து மக்கள் ஒவ்வொருவராக வாயைத் திறந்து, எதையாவது கடித்து, மென்றுகொண்டே நிலையத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். மீனவர் ஒருவர் கணவாயை இழுத்துக் கிழித்தார். ஒரு பள்ளி மாணவியின் பல்லில் கடற்பாசி ஒட்டியிருந்தது. முத்தாய்ப்பாக எங்கள் காலை நிகழ்ச்சியின் செல்லப்பிள்ளை ஹிராபுகி ஷுன்தா. உதட்டில் ஒரு பருக்கை, தாடையில் எண்ணெய், கன்னம் புடைக்க நிலையத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, சட்டைக் கையால் வாயைத் துடைத்தான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இதை உவமையாகச் சொல்லவில்லை. எழுந்துபோய்க் கழிப்பறையில் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்து, அந்தப் பருக்கையையாவது நீக்கிவிடலாமே என்று கேட்டேன்.

"ஐயோ குஸுமி சார், அந்தப் பருக்கையிலதான் உயிரே இருக்கு," என்றார் ஒகோனோகி. "உங்க அன்னம் அழகுதான், யாரு இல்லேன்னா? ஆனா அதைப் பாத்தா யாருக்காவது பசிக்குமா சொல்லுங்க."

ஷுன்தா சிரித்தான். அவன் கெட்டவன் இல்லை. எல்லாரிடமும் ஒட்டிக்கொள்வான், என்னிடமும். "பெரியவரே, ஒரு யோசனை சொல்றேன். உங்க அன்னத்தையே சுட்டுத் தின்னுக் காட்டட்டுமா? ரெண்டு பேருக்கும் திருப்தி."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்து ஒகோனோகி சொன்னதுதான் என்னை உறுத்தியது. ஏப்ரல் பிறந்ததும் தடங்கல் அட்டையும் மாறுமாம். தோக்கியோவில் யாரோ வரைந்து அனுப்பியிருந்தார்கள். பல்லைக் காட்டும் ஒரு கொழுக்கட்டை. நெற்றியில் வியர்வை, கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்கிறது. குரங்கு கையில் பூமாலை என்பார்களே, பூமாலையைக் கொடுத்தால்கூடப் பரவாயில்லை, குரங்கையே மாலையாகப் போட்டுவிட்டார்கள். என் அன்னம் ஒரே ஒரு தடவையாவது மாவட்டத்தின் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும், அதற்கு மார்ச் முடிவதற்குள் ஒளிபரப்பு தடைபட வேண்டும். நான் விரும்பியது இவ்வளவுதான்.

முதலில் மின்சாரக் கம்பியை நினைத்தேன். அதற்கு மாற்று ஏற்பாடு இருக்கிறது, கண் இமைப்பதற்குள் படம் திரும்பிவிடும். இயந்திரம் கெடாது. மனிதன்தான் கெடுவான்.

வருஷக் கடைசி நாளில் எங்கள் நிலையத்தில் எல்லாருக்கும் சோபா என்கிற நூடுல்ஸ் வரவழைப்பார்கள். கறுப்புக் கோதுமை மாவில் செய்த இழை. நீண்ட ஆயுசுக்கு நல்லது என்று நாடே அன்றைக்கு அதைத்தான் உறிஞ்சுகிறது. ஷுன்தாவுக்கு மட்டும் தனிப் பானையில் வெள்ளைக் கோதுமை இழை. அவன் அம்மா தொகிகோ வரவேற்பறைக்குப் போன் செய்து நினைவூட்டியிருந்தார். அந்த அம்மாளை நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும். மகன் திரையில் இருக்கும்போதே கூப்பிட்டு, காலர் மடங்கியிருக்கிறது, மூக்கைச் சிந்தச் சொல்லுங்கள் என்பார்.

"எல்லாரும் ஆயுசுக்குத் திங்கிறீங்க, எனக்கு அதுதான் எமன்," என்றான் ஷுன்தா, தன் கிண்ணத்தை உறிஞ்சியபடி. "சின்ன வயசுல ஒரு வாய்தான் பெரியவரே. தொண்டை அடைச்சு, மூஞ்சி பூசணிக்கா ஆயிடுச்சு. அதான் இந்தப் பை." இடுப்பில் ஒரு சின்னப் பை கட்டியிருந்தான். அவசரத்துக்குத் தொடையில் குத்திக்கொள்ளும் ஊசி அதில் இருந்தது. பேசும்போது ஒரு துளி சாறு என் கைமேல் தெறித்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்ச் மாதம் ஒரு நாள் காலை நிகழ்ச்சிக்கு யானோமே கிகுயோ என்ற கடைக்கார அம்மாள் வந்தார். அரிசிக் கொழுக்கட்டையை வறுத்த சோயா மாவில் புரட்டித் தருவார். மாவைச் சலித்துத் தட்டில் பரப்புவது என் வேலை. கறுப்புக் கோதுமை மாவை அதில் கலந்தேன். பெயர்தான் கறுப்பு, நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நிகழ்ச்சிக்கு முன் ஷுன்தாவிடம், மேலங்கிக்கு அடியில் பை துருத்துகிறது, கழற்றினால் நன்றாக இருக்கும் என்றேன். அடிக்கடி சொல்வதுதான். முணுமுணுக்காமல் கழற்றித் தந்தான். பொருள் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நேரலையில் தருவதை மறுக்கக் கூடாது, வாயில் போட்டதும் கேமராவைப் பார்த்து ருசி என்று சொல்ல வேண்டும், இது எங்கள் உலகத்தின் வேதம். ஷுன்தா அதற்கு ஒரு வித்தை வைத்திருந்தான். ருசியான எதைத் தின்றாலும் கழுத்தைப் பிடித்துக்கொள்வான், கண்ணை உருட்டுவான், முழங்காலில் சரிவான். செத்துப்போனான் என்று நினைக்கும்போது துள்ளி எழுந்து, "அடேங்கப்பா!" என்பான். மாவட்டமே அதற்குச் சிரிக்கும்.

அன்றைக்கும் சிரித்தார்கள். கழுத்தைப் பிடித்தான், சிரித்தார்கள். முகம் சிவந்து உதடு தடித்தது, இன்னும் சிரித்தார்கள். யானோமே அம்மாள் கைதட்டி, "அவ்வளவு ருசியா தம்பி, இன்னொண்ணு தரட்டுமா?" என்று கேட்டார். அவன் எழவில்லை. கேமரா அவன் வாயை நெருங்கிப் போனது. மென்ற மாவும் எச்சிலும் தாடையில் வழிந்தன. இதைத்தானே ஒகோனோகி கேட்டார். உயிர் இருக்கிற படம்.

பிறகு யாரோ கத்தினார்கள். அசிங்கமான எதுவும் திரையில் நிற்கக் கூடாது என்பது விதி. ஒகோனோகி அட்டையைப் போடச் சொன்னார்.

நான் நடைகூடத்துத் தொலைக்காட்சித் திரைக்கு முன்னால் நின்றிருந்தேன். வந்தது. கழி, மலை, அன்னம். ஒரு சலனம் இல்லை. பழைய இயந்திரங்கள் கெட்ட நாட்களில்கூட இரண்டு மூன்று நொடிக்கு மேல் அது நின்றதில்லை, அன்று நிதானமாக நின்றது. பனியின் நீலம் நான் நினைத்ததைவிடச் சுத்தமாக இருந்தது.

உள்ளே ஒரே களேபரம். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று ஒருவன் தன் மேலதிகாரியைக் கேட்டான், அவர் தன் மேலதிகாரியைக் கேட்டார். ஒகோனோகி விளம்பரக் கம்பெனிக்குப் போன் செய்து, போனுக்கே குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். மனிதர்கள் இவ்வளவுதான். ஒருவன் ஓடிவந்து, "குஸுமி சார், அவன் பை எங்க? இடுப்புப் பை!" என்றான். தேடலாம் என்றேன். எல்லாரோடும் சேர்ந்து நானும் தேடினேன், மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். சாவி என் கால்சட்டைப் பையில் இருந்தது. பிறகு கூட்டம் அவனைச் சுற்றி நின்ற நேரத்தில், பையை அவன் உடை மாற்றும் அறையில் ஒரு துண்டுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. யானோமே அம்மாளின் கடையில் கறுப்புக் கோதுமைப் பண்டமும் விற்பார்களாம். அந்த மாவு தன் கையில்தான் ஒட்டியிருக்கும் என்று அவரே முடிவுகட்டி, விசாரணைக்கு முன்பே செய்தியாளர்களைக் கூட்டித் தரையில் நெற்றி பட விழுந்து மன்னிப்புக் கேட்டார். நம் ஊரில் மன்னிப்புக் கேட்டவரைவிட்டு வேறு குற்றவாளியைத் தேடுகிற வழக்கம் ஏது? கடையை மூடினார்கள், கதையையும் மூடினார்கள்.

அப்படியானால் ஏன் நானே வந்தேன் என்கிறீர்கள். அந்த அம்மாள்மேல் இரக்கப்பட்டு என்று எழுதிவிடாதீர்கள், அது பொய். அவர் அழுத காட்சியை எங்கள் நிலையம் தினமும் போடுகிறது. நெருக்கமாக, மூக்கிலிருந்து சளி ஒழுக, வாய் கோணிக்கொள்ள. காலையிலும் போடுகிறார்கள், மாலையிலும் போடுகிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. கொன்றது நான்தான் என்று தெரிந்தால் அதை நிறுத்துவார்கள். அதற்காக வந்தேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். இறுதிச் சடங்குக்கு நானும் போனேன். சாம்பிராணி போட்டுவிட்டுத் திரும்பும்போது தொகிகோ அம்மாள் என்னை நிறுத்தினார். அழுது முடித்த முகம், சுத்தமாகத் துடைத்திருந்தார்.

"அவன் கழுத்தைப் பிடிச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார். இது நடிப்பு இல்ல, பை எங்கன்னு கேக்கணும்னு போனைக் கையில எடுத்துட்டேன். அப்பத்தான் அந்தப் படம் வந்துச்சு. ஏரி, மலை, அந்தப் பறவை. அவ்வளவு அமைதியா இருந்துச்சு. பாக்கப் பாக்க என் படபடப்பு அடங்கிருச்சு. பயப்பட ஒண்ணும் இருக்காது, மெஷின்லதான் ஏதோ கோளாறுன்னு போனைக் கீழ வச்சிட்டு, அது முடியட்டும்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுங்கள், ஐயா. இத்தனை வருஷ வேலையில் என் படத்தை அப்படிப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. அந்தப் படத்தை எடுத்தது நான்தான் என்று அவரிடம் சொன்னேன், அவருக்குத் தெரியவேண்டியதுதானே. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் அப்படியே உட்கார்ந்து அழுதார். நன்றியில்தான். ரசிகர்களின் முகம் எனக்குத் தெரியும்.