பன்னிரண்டு நாள் ஓ.டி.

பட்டியல் போடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பலசரக்குச் சீட்டை நான்தான் எழுதுவேன். துவரம் பருப்புக்குக் கீழே உளுந்து, உளுந்துக்குக் கீழே கடுகு என்று கோடு பிடித்தாற்போல வரும். கணினி மன்றத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கியதற்கும் இதைத் தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. புரோகிராம் எழுதுவதில் நான் சுமார்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

நடந்ததை எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். விசாரணைக் குழுவில் வெளியிலிருந்து வந்த வக்கீலம்மா ஒருவரும் இருப்பதால் கொஞ்சம் முதலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருக்கும் நம் பல்கலைக்கழகத்தில் கணினி மன்றம்தான் எப்போதும் பரபரப்பாக இருக்கும். புதன்கிழமை வினாடி வினா, மாதம் ஒரு முறை பிழை கண்டுபிடிக்கும் போட்டி, அரசுப் பள்ளிகளுக்குப் போய்ப் பாடம் எடுப்பது, செப்டம்பரில் இரண்டு நாள் சிம்போசியம். இதற்கெல்லாம் வேலை செய்பவர்கள் வகுப்புக்குப் போக முடியாது. வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் விழும். அதைச் சரிக்கட்டத்தான் ஓ.டி. 'ஆன் டியூட்டி' என்பதன் சுருக்கம். கல்லூரி வேலையாகக் கல்லூரிக்குள்தான் இருந்தார் என்று பொருள். யார் யார் எந்தத் தேதியில் வேலை செய்தார்கள் என்று செயலாளர் ஆன்லைன் ஷீட்டில் குறித்து வைப்பார். பருவக் கடைசியில் அதை அச்செடுத்துக் கையெழுத்துப் போடுவார். ஆலோசகர் ஜபருல்லா சார் மேலொப்பம் இடுவார். அலுவலகத்தில் ஆப்சென்ட் பிரசென்ட் ஆகிவிடும். செயலாளர் கையெழுத்து இல்லாமல் ஓ.டி. கிடையாது. நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. ஆக, ஒருவர் கல்லூரிக்கு வந்தாரா இல்லையா என்பதை என் கையெழுத்துதான் முடிவு செய்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. விதி அப்படி.

இதனால் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது என்பதை மறைக்கவில்லை. அக்டோபர் வந்தால் கேன்டீனில் எனக்கு முட்டை பப்ஸ் வாங்கித் தர ஆள் இருக்கும். "மாப்ள, எனக்கும் ரெண்டு நாள் ஓடி போட்ருடா" என்று தோளில் கை போடுவார்கள். விஜயபாண்டி சிம்போசியத்தில் நான்கு நாற்காலி தூக்கினான். மிச்ச நேரம் ஏ.சி. அறையில் தூங்கினான். மூன்று நாள் கேட்டான், கொடுத்தேன். கேட்பவர்களுக்கு நான் இல்லை என்று சொன்னதே இல்லை.

அனுசியா கேட்கவில்லை.

அவள் என் வகுப்புதான், மூன்றாம் ஆண்டு. மகாராஜபுரத்திலிருந்து வருகிறவள். அப்பா கருத்தையா தென்னந்தோப்பில் வேலை பார்க்கிறவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள். காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வருவாள். ஆகஸ்டில் டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்திருந்தாள். அந்த வகையில் அவள் வருகை ஏற்கெனவே விளிம்பில் நின்றது. இது எனக்குத் தெரியும்.

சிம்போசியத்துக்கு நானூறு பேர் வருவதாக இருந்தது. பதிவுக்கான மென்பொருள் முழுவதையும் அவள் ஒருத்திதான் எழுதினாள். பன்னிரண்டு நாள். ஆய்வகத்துக்குப் பின்னால் உள்ள சர்வர் அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். அந்த அறைச் சாவி என்னிடம் இருந்தது. காலையில் திறந்து விடுவேன், மாலையில் பூட்டுவேன். நடுவில் இரண்டு முறை டீ கொண்டுபோவேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகும் கூட்டத்தில் எங்கள் பஸ் ஸ்டாண்டே திணறும் புரட்டாசிச் சனிக்கிழமைகூட ஒன்பது மணிக்கு வந்து நின்றாள். ஏதாவது உதவி வேண்டுமா என்று தினமும் கேட்பேன். "இல்ல ஹரி, பாத்துக்கிடுதேன்" என்பாள். டீக்கு மட்டும் நன்றி சொல்வாள்.

சிம்போசியம் அன்று வரிசை பத்து நிமிடம்கூடத் தேங்கவில்லை. துணைவேந்தரே பாராட்டினார். ஜபருல்லா சார் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். எல்லோரும் சேர்ந்து செய்தது என்று மைக்கில் சொன்னேன். அவள் கடைசி வரிசையில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்துச் சில பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். நான் இறங்கி வந்ததும், வரிசை நன்றாகப் போனது என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். எனக்கு அது வலித்தது. என்னிடம் அவளுக்கு வேண்டியது எதுவுமே இல்லை என்பது அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

அக்டோபர் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று நாற்பதுக்கு ஷீட்டிலிருந்து அவள் பெயரை எடுத்தேன். பன்னிரண்டு நாளும் நானே அன்றன்று பதிந்து வைத்த பெயர். எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவளுக்குக் கெடுதல் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. அவள் பட்டியலைப் பார்ப்பாள், பெயரைக் காணாமல் திகைப்பாள், என்னிடம் வந்து, "ஹரி, என் பேரக் காணோமே, சேத்துவிடு" என்பாள். நான் சேர்த்துவிடுவேன். ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்றுதான் இருந்தது.

ஷீட்டை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, திங்கட்கிழமை மாலைக்குள் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். பதினேழு பேர் வந்து சண்டை போட்டார்கள். விஜயபாண்டி நாலாவது நாளும் வேண்டும் என்று வந்தான். அனுசியா கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் போட்டாள். அவ்வளவுதான். திறந்தே பார்க்கவில்லை. என்மேல் இருந்த நம்பிக்கை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது அலட்சியமாகப் பட்டது.

திங்கட்கிழமை ஆறு மணி வரை காத்திருந்தேன். ஆறேகாலுக்கு அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டேன். ஜபருல்லா சார் படிக்காமல்தான் ஒப்பமிட்டார். அவர்மேல் தவறில்லை. நூற்றுப் பத்துப் பெயர், யார்தான் படிப்பார்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அது. வருகை குறைந்தவர்கள் வீட்டுக்கு அலுவலகத்திலிருந்து போன் போட்டுச் சொன்னார்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே கருத்தையா வந்துவிட்டார். மகளிடம் ஒன்றும் கேட்காமல், அவளுக்குத் தெரியாமல் வந்திருந்தார். அலுவலகத்தில், ஓ.டி. விவரமெல்லாம் மன்றச் செயலாளரிடம்தான் என்று அவரை மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். என்னைவிட முப்பது வயது மூத்தவர், என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மகள் தினமும் ஏழு மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு கிளம்பியதையும், இருட்டும் நேரத்தில் திரும்பியதையும் சொன்னார். பன்னிரண்டு நாள் வரவே இல்லை என்று அலுவலகத்தில் சொல்வதையும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"வகுப்பு இல்லையாட்டின்னு கேட்டா, இன்னைக்கு ஓடி, நாளைக்கும் ஓடின்னுதான் தம்பி சொன்னா. அவ அம்மகூட, ஓடி ஓடின்னு சொல்லாதட்டின்னு வைதா. ஓடின்னா என்ன தம்பி?"

நம் வளாகத்தில் அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிறோம். அது ஒரு தகப்பன் காதில் எப்படி விழும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. 'காலேஜ் வேலையா இருந்தா ஐயா' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அடுத்த அறையில் ஜபருல்லா சார் இருந்தார். கூப்பிட்டிருக்கலாம்.

"வகுப்புக்கு வராம வெளிய இருந்தா, அதத்தான் ஐயா ஓடின்னு சொல்லுவோம்" என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. குழு இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவர் "யாருகூடன்னு தெரியுமா தம்பி?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அது மட்டும் பொய். அவளோடு யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்குள் யாரோ சொல்லி அனுசியா மாடி ஏறி வந்துவிட்டாள். அப்பாவைப் பார்த்தாள், என் மேசையில் விரித்திருந்த பட்டியலைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஹரி, நான் எங்க இருந்தேன்னு அப்பாகிட்ட சொல்லு."

"லிஸ்ட்ல பேரு இல்லையே அனுசியா."

"லிஸ்ட்ட விடு. நீதான கதவத் தொறந்துவிட்ட. நீ சொல்லு."

இப்போது நீங்கள் கேட்பீர்கள், அவள்தான் கேட்டுவிட்டாளே என்று. நானும் அதைப் பற்றி நிறைய யோசித்தேன். அவள் கேட்கவில்லை, சொல்லச் சொன்னாள். கோர்ட்டில் சாட்சியை அதட்டுவது போல இருந்தது. தவிர, பன்னிரண்டு நாளும் என்னிடம் சாவி இருந்த அறையில்தான் இருந்தாள் என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? அது அவளுக்கு இன்னும் கெட்ட பெயர்தானே. அவள் நன்மையை உத்தேசித்துத்தான் நான் பேசாமல் இருந்தேன்.

கருத்தையா அவளை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. "வாட்டி, போவோம்" என்றார். படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவள் பின்னாலேயே போனாள். வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். நான் பட்டியலை மடித்து வைத்தேன்.

வகுப்பில் இருந்த அவள் பையை இணைச் செயலாளர் இம்மானுவேல் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான். பஸ் போய்விட்டிருந்தது. என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டான். வீட்டில் ஏதோ பிரச்சினை என்றேன். அவள் போன் அணைந்தே இருந்தது. மகாராஜபுரத்துக்கே போய்ப் பார்ப்போம் என்றான். பையன்கள் போய் நின்றால் இன்னும் வம்பாகும் என்றேன். அதுவும் உண்மைதான். அவள் எழுதிய மென்பொருளோடு கோயம்புத்தூர் போட்டிக்குப் போனோம். இரண்டாம் பரிசு கிடைத்தது.

நவம்பரில் தேர்வு நடந்தது, அவள் எழுதவில்லை. கார்த்திகையில் அவளுக்குக் கல்யாணம். கேள்விப்பட்ட விஷயம் வெளியே பரவுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வந்த முதல் இடத்துக்கே கொடுத்துவிட்டார்கள். தளவாய்புரம். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு நைட்டி தைக்கிறார்களாம். அவளும் தைக்கிறாள்.

ஒவ்வொரு கட்டத்திலும் சரிசெய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். தீபாவளி முடியட்டும் என்று இருந்தேன், பிறகு தேர்வு முடியட்டும் என்று இருந்தேன். பத்திரிகை அடித்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு நான் என்ன செய்ய முடியும்? கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் தூக்கம் வரவில்லை. அதையும் யாராவது எழுதிக்கொண்டால் நல்லது.

ஜனவரியில் பொறுப்பை இம்மானுவேலிடம் ஒப்படைத்தேன். அந்த ஷீட்டில் எந்தத் திருத்தமும் அழியாது. யார், எப்போது, எதை எடுத்தார்கள் என்று பழைய பிரதிகளில் கிடக்கும். முதலாண்டு மாணவர்களுக்கு இதைப் பாடமாக எடுத்தவளே அனுசியாதான். நான் அந்த வகுப்பில் வருகை எடுத்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. இம்மானுவேல் கவனித்திருக்கிறான். பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தான். "ஏலே, நீயாலே?" என்றான். வேறொன்றும் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போனான். அவன்தான் தளவாய்புரத்துக்குச் சொல்லிவிட்டிருக்க வேண்டும்.

அவள் உங்களுக்கு எழுதிய மனுவைப் படிக்கக் கொடுத்தீர்கள். நான்கு தடவை படித்தேன். படிப்பைத் திருப்பிக் கேட்கவில்லை. அப்பா இன்றுவரை தன்னோடு பேசுவதில்லை என்றும், புகுந்த வீட்டில் குழம்பில் உப்புக் கூடினாலும் 'அந்தப் பன்னெண்டு நாளு எங்க இருந்த' என்ற பேச்சு வருகிறது என்றும் எழுதியிருக்கிறாள். அந்தப் பன்னிரண்டு நாளும் கல்லூரிக்குள்தான் இருந்தேன் என்று ஒரு தாள் போதும், அதை அப்பாவிடம் காட்டினால் போதும் என்கிறாள். எனக்குத் தண்டனை கொடுக்கச் சொல்லி ஒரு வரி இல்லை. என் பெயரே இல்லை. 'மன்றத்தின் செயலாளர்' என்றுதான் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், மனுவில் எனக்கு அதிக வருத்தம் தந்த இடம் அதுதான்.

இம்மானுவேலும் மற்றவர்களும் அவளைப் பார்த்தது நான்கு நாள்தான். மிச்ச எட்டு நாளுக்கு என்னைத் தவிர ஆள் இல்லை. விதிப்படி அந்தத் தாளில் அப்போதைய செயலாளர் கையெழுத்து வேண்டும் என்று நீங்களும் சொன்னீர்கள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பெயரை எடுத்தது நான். தெரிந்தே எடுத்தேன். அவள் அப்பாவிடம் வாயைத் திறக்காமல் இருந்ததும் தெரிந்தேதான். எந்த நடவடிக்கை எடுத்தாலும் எனக்குச் சம்மதம். கடிதத்தையும் நானே டைப் செய்து வைத்துவிட்டேன், பன்னிரண்டு தேதியும் வரிசையாக, ஒரு பிழையில்லாமல் இருக்கிறது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். தளவாய்புரத்திலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸுக்கு ஒன்றும் குறைவில்லை. அவள் ஒரு நாள் நேரில் வந்து, என் பெயரைச் சொல்லி என்னிடம் கேட்கட்டும், அந்த நிமிடமே போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.