அலையில்லாத கடல்

திருப்போரூரிலிருந்து கோவளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவர் வளைகுடாவில் மீன்பிடி வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருப்பவர் என்பது கேளம்பாக்கம் வருவதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது.

"அங்க கடல்ல அலையே கெடையாதுடி. சுத்தி கரதான்."

"அதுக்குப் பேரு ஏரி. ஏரில மீன் புடிக்கவாய்யா பிளேன் ஏறிப் போன?"

"ஹமூர்னு ஒரு மீனு கீது. ஷேக்குங்க அதுக்கு உசுரையே வுடுவாங்க."

"எப்டி இருக்கும்?"

"நம்ம களவா மாரியே."

"மாரி இன்னா, களவாவேதான். அங்க போயி அரபு கத்துக்கிச்சா?"

"ருசியே வேற."

"நீ துன்னியா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "புடிக்கறது நாங்க, துன்றது அவங்க. எங்களுக்கு டெய்லி பருப்புதான்."

அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அடுத்த மாசம் போனேன்னா, கடைசியா ஒரு ரெண்டு வருசம்..." என்று அவரே ஆரம்பித்தார்.

"போ, தாராளமா போ. உன் பாஸ்போர்ட்டு எங்கம்மா கையில கீது. தில்லு இருந்தா கேட்டு வாங்கிக்க."

அதற்குப் பிறகு கோவளம் வரை வளைகுடாப் பேச்சே இல்லை.