இரண்டு நுனிகளையும் ஒரே சட்டத்தில் பூட்டியவர்

தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களே, இந்த நாவற்குடா மண்டபம் கொள்ளாமல் வாசலில் நிற்கும் உறவுகளே, முன்வரிசையில் இருக்கும் உதயரூபன் சேரின் துணைவி யசோதினி அக்கா, எல்லோருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

அதிர்வியல் விரிவுரையாளர் உதயரூபன் அவர்கள் மறைந்து இன்று முப்பத்தோராம் நாள். பன்னிரண்டு வருடம் அவரோடு ஒரே பட்டறையில் வேலை செய்த ஸகியா நான். வீட்டில் அழுது முடித்துவிட்டேன். இங்கே அழ வரவில்லை.

ஓடுகிற இயந்திரம் ஏன் ஆடுகிறது, அந்த ஆட்டத்தை எப்படி அடக்குவது என்பதுதான் அவர் வாழ்க்கை. மற்றவர்கள் ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் போட்டுவிட்டுப் போவார்கள். இவர் மூன்றாவதாக இனேர்ட்டரைச் சேர்த்தார். ஒரு குழாய், உள்ளே திருகுத்தண்டு, அதில் சக்கரம்போல ஒரு கனத்த சில்லு. இரு நுனிகளும் நெருங்கி விலகும்போது சில்லு சுழன்று ஆட்டத்தை எதிர்க்கும். மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கருவி வெளிநாட்டில் பிறந்ததுதான். ஆனால் எந்த உறுப்பை எதோடு இணைத்தால் நம் ஆலையின் ஆட்டம் அடங்கும் என்று, மின்சுற்று வரைவதைப் போல வலையமைப்பாக வரைந்து கண்டுபிடித்தவர் யார்? உதயரூபன். அதற்காக நாற்பது தாள் கிழித்தவர் யார்? உதயரூபன்.

வாகரைப் பக்கத்து அரிசி ஆலையில், மேல்மாடியில் நெல் சலிக்கும் இயந்திரம் இருக்கிறது. அது ஓடினால் கீழ்மாடிச் சுவர் வெடிக்கும். அதற்காகத்தான் அந்தக் கருவியைச் செய்தார். பட்டறையில் அதைச் சோதித்த நாளில் என்னைக் கூப்பிட்டு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஸகியா, இதப் பாரம் எண்டு நினைச்சிராதீங்க. ஒரு நுனி மெசின்ல, மத்த நுனி கட்டிடத்துல. நடுவுல இழுபறி இருந்தாத்தான் சில்லு சுத்தும். இல்லாட்டி இது சும்மா இரும்புதான்."

ஆலையின் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தவர் பொறியியலாளர் கனகசிங்கம். இதோ, இந்த மேடையில் எனக்கு வலப்புறம் இருக்கிறார். உதயரூபன் நம்பிக்கையோடு கருவியையும் வரைபடத்தையும் அவர் கையில் கொடுத்தார். அவர், வரைந்தவரை ஒரு வார்த்தை கேட்காமல், கருவியைத் தானே பொருத்தினார். பொருத்திய கையோடு அதைத் தன் பெயரில் கட்டுரையாக்கி, ஒரு மாநாட்டில் வாசித்துப் பதக்கம் வாங்கினார்.

பொருத்திய ஐந்தாம் வாரம் மேல்தளம் இடிந்தது. சலிக்கும் வேலை செய்த சஹ்லாவின் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. விசாரணையில் கனகசிங்கம் என்ன சொன்னார்? "கருவி உதயரூபனின் வடிவமைப்பு, தவறு அவருடையது" என்றார். பதக்கம் வந்தபோது கருவி அவருடையது. தளம் விழுந்தபோது கருவி உதயரூபனுடையது. இது என்ன நியாயம்?

கல்லூரி உதயரூபனை வேலையிலிருந்து இடைநிறுத்தியது. போய்ச் சண்டை பிடிப்போம் என்று நான் சொல்லவில்லை. "விடுங்க சேர், மறுகா பாப்பம்" என்றுதான் சொன்னேன். பிறகு பார்ப்போம் என்ற அந்தச் சொல்லை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது. "சஹ்லாட கால நான்தான் முறிச்சன் எண்டு ஊர் நம்புது ஸகியா" என்று ஒன்பது மாதம் சொல்லிச் சொல்லியே அவர் இதயம் நின்றது.

அவர் போன நாலாம் நாள், ஆலை மேற்பார்வையாளர் ஹலீம் காக்காவோடு இன்னும் அள்ளாமல் கிடந்த இடிபாட்டுக்குள் போனேன். கருவி கிடந்தது. அதன் இரண்டு நுனிகளும் இயந்திரத்தின் ஒரே சட்டத்தில் பூட்டியிருந்தன. ஒரே சட்டத்தில். இரண்டு நுனியும் சேர்ந்தே ஆடினால் சில்லு எதற்குச் சுழலும்? ஐந்து வாரமும் அது ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. தான் திருடியது என்னவென்றே தெரியாமல், பாரக்கட்டி என்று நினைத்துப் பூட்டியிருக்கிறார்.

உங்கள் கையில் நினைவு மலர் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் கனகசிங்கத்தின் அஞ்சலி. "என் வழிகாட்டலில் வளர்ந்த தம்பி" என்று எழுதியிருக்கிறார். படித்தபோது என் உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியே அச்சிட்டேன். பதினான்காம் பக்கத்தைத் திருப்புங்கள். மேலே உதயரூபன் திகதியிட்டுக் கையெழுத்து வைத்த வரைபடம். கீழே கனகசிங்கம் தன் பதக்கக் கட்டுரையில் தானே போட்ட புகைப்படம். நுனிகள் எங்கே பூட்டியிருக்கின்றன என்று பாருங்கள். மலரைத் தொகுத்தவள் நான். உள்ளே வேறு என்ன வருகிறது என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை.

இரங்கல் கூட்டத்தில் இப்படிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. பழி வாங்குகிறாளா என்று கேட்கிறீர்களா? ஓம், வாங்குகிறேன். கருவியும் புகைப்படமும் இன்று காலை விசாரணைக்குப் போய்விட்டன. மீள்விசாரணை கேட்கும் மனுவில் முதல் கையெழுத்து யசோதினி அக்காவுடையது, இரண்டாவது சஹ்லாவுடையது. உதயரூபன் விட்ட வேலையை நாங்கள் தொடர்வோம். அவர் வரைந்தபடியே இன்னொரு கருவியைச் செய்து அதே ஆலையில் பொருத்துவோம். அவர் பெயர் துலங்கும்வரை நான் ஓயமாட்டேன், இவரை ஓயவிடவும் மாட்டேன்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்த பெயர் பொறியியலாளர் கனகசிங்கம். வாருங்கள் ஐயா. அஞ்சலி வேண்டாம், அதை எல்லோரும் படித்துவிட்டார்கள். இரண்டு நுனிகளையும் ஏன் ஒரே சட்டத்தில் பூட்டினீர்கள் என்று மட்டும் சஹ்லாவுக்குச் சொல்லுங்கள். அவள் கைத்தடியோடு இரண்டாம் வரிசையில் இருக்கிறாள்.