நகரும் மலையின் கடைசிப் பாகம்

ஒரே எழுத்தாளர் எழுதிய இரண்டு மாயக்கதைத் தொடர்களில் எது உசத்தி என்று கேட்டால், யாரும் தான் முதலில் படித்ததைத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் உன் அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது உப்புக்கோட்டைத் தொடர். எத்தனை கப்பல் கவிழ்ந்தாலும் கடைசியில் எல்லாரும் கரை சேர்ந்துவிடுவார்கள். படித்து மூடினால் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

நகரும் மலைத் தொடரை வீட்டுக்குக் கொண்டுவந்தது நீதான், மச்சான். தொலைந்துபோன தம்பியைத் தேடி ஓர் அக்கா மலையேறுகிறாள். அவள் நெருங்க நெருங்க மலை தள்ளிப் போகிறது. ஒவ்வொரு பாகமும் அந்தரத்தில் நிற்கும். உடனே நீயும் அவளும் போனில் மணிக்கணக்காக அதையே அலசுவீர்கள். நான் தனியாகச் சாப்பிட்டுக் கை கழுவி வந்தாலும் பேச்சு ஓய்ந்திருக்காது. "உங்க உப்புக்கோட்டையில உப்புதாங்க கம்மி" என்று என்னைக் கிண்டல் செய்வாள். நானும் சிரிப்பேன்.

படுக்கையில் விழுந்த பிறகு அவளுக்குக் கண் மங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் பெண்டாட்டிக்கு என் கடையில் இருந்த எந்தக் கண்ணாடியும் உதவவில்லை. நான்தான் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பாகம் மட்டும் வெளிவரவில்லை. "அந்த அக்கா தம்பியப் பாத்தாளான்னு தெரியாம நான் போகமாட்டேன்" என்றாள். முடிவு தெரிந்தால் போய்விடுவாள் என்று பயந்தேன். அந்தப் பயம் உண்மை, மச்சான்.

அதனால்தான் கடைசிப் பாகம் வெளிவந்து, நீ அந்தப் புத்தகத்தோடு வாசலில் நின்ற அன்று, "இப்பதான் தூங்கினா. எழுப்ப வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றேன்.

"அப்ப நீங்களே வாசிச்சுக் காட்டுங்க மாமா. முடிவ மட்டும் முதல்லயே சொல்லிடாதீங்க" என்றாய்.

அவள் விழித்துத்தான் இருந்தாள். பெல் அடித்தது யார் என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் என்றேன். புத்தகத்தைக் கடைக்கு எடுத்துப்போய், நேற்று நீ அதைக் கண்டுபிடித்த அந்த அலமாரியில் கண்ணாடிக் கூடுகளுக்குப் பின்னால் வைத்தேன்.

நீ அவளிடம் பேசினால் குட்டு உடைந்துவிடும். ஆகவே உன்னையும் நிறுத்த வேண்டியிருந்தது. பேசினால் மூச்சு வாங்குகிறது என்று உன்னிடம் சொல்லி, அவள் போனை அணைத்து வைத்தேன். உனக்கு வேலை அதிகம் என்று அவளிடம் சொன்னேன். "அவன் அப்படிப்பட்டவன் இல்லையே" என்றாள். பிறகு அழுதாள். பிறகு உன்னைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். அவள் அழுததைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

உப்புக்கோட்டையை முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். என் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கிண்டல் கிடையாது.

இனி அதிக நாள் இல்லை, யாரையாவது பார்க்க ஆசைப்பட்டால் வரச்சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதற்கு மேல் எதைத் தள்ளிப்போட முடியும்? நான் பயப்பட ஒன்றுமே மிச்சம் இல்லை. ஆனாலும் உன்னைக் கூப்பிடவில்லை. அந்தக் கதையில் அக்கா தம்பியைப் பார்த்துவிடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். கடையில் உட்கார்ந்து படித்து முடித்திருந்தேன். அதையும் அவளிடம் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்கிறாய். அந்த நாட்களில் அவளுக்கு என்னைத் தவிர ஒருவரும் இல்லை, மச்சான். கல்யாணமானதிலிருந்து நான் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.