மூடக் கூடாத லேப்டாப்

திருமயத்திலிருந்து புதுக்கோட்டை போகும் பேருந்தில் கூட்டம். எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஓரத்தில் இருந்தவளின் மடியில் லேப்டாப் திறந்தே இருந்தது.

“மூடி வைம்மா, ஆளுக இடிக்கிறாங்க,” என்றார் கண்டக்டர்.

“மூடுனா நின்னுரும்ண்ணே.”

“உள்ள என்ன சோறா வேகுது?”

“ஆமாண்ணே, விடியக்காலையிலேருந்து,” என்றாள் தோழி. “கணக்குப் போடுற புரோகிராம் லைப்ரரி, கம்ப்யூட்டர்ல ஓடுற மாதிரி கம்பைல் ஆகுது. இன்னைக்கு வைவா பரீட்சை. ஓடலைன்னா இந்த மேடம் அடுத்த வருசமும் ஒங்க பஸ்ஸுதான்.”

பேருந்து குலுங்கும்போதெல்லாம் அவள் லேப்டாப்பை அணைத்துக்கொண்டாள். நானும் மடியில் தூங்கிய மகளை இறுக்கிப் பிடித்தேன்.

நமணசமுத்திரம் தாண்டியதும், “முடிஞ்சிருச்சுடி,” என்றாள் லேப்டாப்காரி.

“சந்தோசம். ஒன் லேப்டாப் லினக்ஸ்தான?”

“ஆமா.”

“சார் லேப் கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டச் சொன்னாரே. அது விண்டோஸாச்சே. அதுக்குத் தனியா கம்பைல் பண்ணணும்ல?”

அவள் திரையிலிருந்து தலையைத் தூக்கித் தோழியைப் பார்த்தாள்.

“ஏன்டி மொதல்லயே சொல்லல?”

“அசையாத, பேசாதன்னு நீதான சொன்ன.”

அவள் லேப்டாப்பை மெதுவாக மூடினாள். திரும்பி வந்த கண்டக்டர் அதைப் பார்த்தார்.

“என்னம்மா, வெந்துருச்சா?”

“வெந்துருச்சுண்ணே. பந்திதான் வேற வீட்டுல.”