நாய் தின்ற அத்தியாயம்

— பொய் சொன்னீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க மாமா. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.

— முதல்ல உள்ள வா லவ்டே. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு சண்டை போடாதே. இந்த வயசுல உன் கோபத்தைத் தாங்கிடுவேன், கடல் காத்தைத் தாங்க மாட்டேன்.

— உக்கார வரல நான்.

— படகை யார் பாத்துக்கறா?

— அது பாட்டுக்குத் துறையில கட்டிக் கிடக்கு. அக்கரைக்குப் போறவங்க ஒரு நாள் எனக்காகக் காத்திருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது.

— அப்ப விஷயம் பெருசுதான். கெர்ரா, லவ்டே வந்திருக்காம்மா. டீ போடு. அவளுக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலா.

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்பா. தெருக்கோடி வரைக்கும் கேக்குது. என்ன லவ்டேக்கா, எங்கப்பா என்ன பண்ணாரு? நூலக வண்டி ஓட்டறதை விட்டுத்தான் எத்தனையோ வருஷம் ஆச்சே. இப்பல்லாம் நாற்காலியை விட்டே எந்திரிக்கறதில்லை.

— அந்த வண்டி விஷயம்தான் கெர்ரா. நாமெல்லாம் சின்னப் புள்ளைங்களா இருந்தப்ப, உங்கப்பா மலையிறக்கத்துல ஹார்ன் அடிச்சுக்கிட்டு வருவாரு. அந்த வண்டியில 'உப்புக் கதவு'ன்னு ஒரு புத்தகம் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?

— நல்லா கேட்டீங்க. அதைப் படிக்காத புள்ளை இந்தக் கார்ன்வால் கரையில உண்டா? கடல் நல்லா உள்வாங்கறப்ப பாறையில ஒரு கதவு தெரியும். மெரின்னு ஒரு பொண்ணு அதுக்குள்ள போவா. அங்க கடல்தான் வானம், அந்த ஊருக்கு ஒரு ராணி.

— வானத்துல மீன் பறக்கும். அட்டையிலயே போட்டிருப்பான்.

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்க மாமா. உங்ககிட்ட அப்புறம் வர்றேன். கெர்ரா, நேத்து சர்ச் கூடத்துல எங்க வாசகர் வட்டம். இந்த மாசத்துக்கு அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்தோம். புதுசா அச்சுப் போட்டிருக்காங்கன்னு ஆளுக்கு ஒண்ணு வாங்கினோம். வாங்கினோமே தவிர ஒருத்தரும் பிரிக்கல. எல்லாருக்கும்தான் மனப்பாடமாச்சே.

— நல்ல வாசகர் வட்டம்.

— சிரிக்காதே. பேச்சு நல்லாத்தான் போச்சு. டாம்சின் வழக்கம் போல எல்லாருக்கும் முன்னாடி கையைத் தூக்கினா. கதை நடுவுல சவ்வா இழுக்குதாம், அந்த ராணிக்கு நிர்வாகம் தெரியலையாம். பள்ளிக்கூடத்து ரோஸ் டீச்சர், அந்தப் புத்தகத்தை எழுதின அம்மா கடலை வர்ணிச்ச மாதிரி இன்னொருத்தர் வர்ணிக்கலைன்னு கண்ணு கலங்கினாங்க. ஜோரிக்கு ஒரே குறைதான். அத்தனை பெரிய அரண்மனையில யாரும் ஒரு வேளை உருப்படியா சாப்பிடலையாம்.

— கசாப்புக் கடைக்காரனுக்கு வேற என்ன தோணும்.

— கேளு. "ஆனா கடைசி அத்தியாயத்துல அந்த விருந்து இருக்கே, அதுக்காக எல்லாத்தையும் மன்னிச்சுடலாம்"னான். எந்த விருந்துன்னு நான் கேட்டேன். "மெரினுக்காக ராணி வெக்கற விருந்து"ங்கறான். டாம்சின் பாஞ்சுக்கிட்டு வந்தா. விருந்தாவது மண்ணாவது, மெரின் கடைசியில ராணிக்கு மந்திரி ஆயிடுவான்னா. ரோஸ் டீச்சர், அதெல்லாம் இல்ல, மெரின் முழிச்சுக்குவா, எல்லாமே கனவுன்னாங்க. நான் எல்லாரையும் அதட்டினேன். மெரின் எங்கயும் போகல. கதவுக்குப் பக்கத்துல பாறையில இருக்கற விளக்கை எடுத்துக்கிட்டு அங்கேயே இருந்துடறா. உள்ள போனவங்க திரும்பி வர வழி தெரியணுமே, அதுக்காக. இதுதான் முடிவு, இதுகூடத் தெரியாமலா இத்தனை நாள் இருந்தீங்கன்னு கேட்டேன்.

— அடடா. அப்புறம்?

— அடிதடி ஆகாத குறைதான். உனக்கு யார் சொன்னான்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டா, எல்லார் வாயிலயும் ஒரே பேரு. பெட்ரக் மாமா சொன்னாரு. வண்டி மாமா சொன்னாரு. ஏன்னா அந்த வண்டிப் புத்தகத்துல கடைசி அத்தியாயமே கிடையாது. மெரின் ஒரு கையில விளக்கோட நிக்கறா, எதிர்ல கப்பல் நிக்குது. அதோட தாள் காணாம போயிடும்.

— ஆமா, எனக்கும் ஞாபகம் வருது. ஓரமெல்லாம் பிஞ்சு பிஞ்சு இருக்கும்.

— லண்டன்ல இருந்து வந்து மேல்தெருவுல வீடு வாங்கியிருக்காரே ஒருத்தர், அவருதான் கடைசியில புதுப் புத்தகத்தைப் பிரிச்சு, முடிவைச் சத்தமா படிச்சுக் காட்டினாரு.

— என்னதான் இருந்துச்சு அதுல?

— விருந்து இல்ல, மந்திரி இல்ல, கனவு இல்ல. நான் உயிரா நம்பினதும் இல்ல. அதைச் சொல்ல எனக்கு வாய் வரல கெர்ரா.

— போகுது விடுங்கக்கா. சின்னப் புள்ளைங்க கதைதானே. எங்கப்பா ஏதோ விளையாட்டுக்கு ஆளுக்கு ஒண்ணு அளந்து விட்டிருப்பாரு.

— விளையாட்டா? உனக்கு டென்சிலை ஞாபகம் இருக்கா?

— நியூசிலாந்துக்குப் போனவரா? உங்களைக் கட்டிக்கறேன்னு...

— அவன்தான். ரெண்டு பேருக்கும் கப்பல் டிக்கெட் எடுத்து வெச்சுட்டு வந்து துறையில நின்னான். பெட்டியைக் கட்டிக்கிட்டு வான்னான். அப்பாவுக்கு முதுகு போயிடுச்சு, துடுப்புப் போட ஆளில்லை. நான் லாந்தரைப் பிடிச்சுக்கிட்டு அந்தத் துறையில நின்னேன். என் கண்ணு முன்னால மெரின்தான் நின்னா. அவ இருந்தாளே, நானும் இருக்கேன்னு சொல்லிட்டேன். அவன் போயிட்டான். போய் நல்லாத்தான் இருக்கான், பேரன் பேத்தி எடுத்துட்டான். நான் இந்த ஆத்து முகத்துல அக்கரைக்கும் இக்கரைக்கும் துடுப்புப் போட்டுக்கிட்டே இருக்கேன்.

— வருத்தமா லவ்டே?

— அதுதான் மாமா எனக்குப் பிரச்சனை. நேத்து வரைக்கும் ஒரு நாள்கூட வருத்தப்படல. இந்தப் படகு எனக்குப் பிடிக்கும். காலையில பனி விலகறப்ப தண்ணியில முதல் ஆளா நான் இருக்கறது பிடிக்கும். அக்கரையில மணி அடிச்சா எந்திரிச்சுப் போறது பிடிக்கும். ஆனா அது நிசமாவே எனக்குப் பிடிச்சதா, இல்ல புடிக்கணும்னு ஒரு வண்டிக்காரர் சின்னதுலயே என் தலையில ஏத்தி விட்டதா? அது தெரியாம இனிமே துடுப்பைத் தொடவே கை வரல. அதனாலதான் கேக்கறேன். பொய் சொன்னீங்களா இல்லையா?

— பொய் சொன்னேன். ஆனா உன்கிட்ட இல்ல. நூலக ஆபீசுல சொன்னேன்.

— ஆபீசுலயா?

— பட்டன் ஞாபகம் இருக்கா? என் நாய்.

— காது ஒண்ணு தொங்கிக்கிட்டு இருக்குமே.

— அதுதான். வண்டியில நாயை ஏத்தக்கூடாதுன்னு ஆபீசுல கண்டிப்பா சொல்லியிருந்தாங்க. நான் ஏத்திக்கிட்டுப் போனேன். பேசாத புத்தகங்களோட எத்தனை மைல்தான் தனியா போறது? ஒரு நாள் பாலத்துக்கிட்ட இறங்கி பன் வாங்கிட்டு வந்து பாக்கறேன், சீட்டுல உக்காந்து அந்தக் கடைசி அத்தியாயத்தை ரசிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கு.

— அடப்பாவமே. வேற காப்பி கேட்டிருக்கலாமே அப்பா.

— கேட்டா, பழசு என்ன ஆச்சும்பாங்க. மழையில நனைஞ்சுதுன்னு ஒரு பொய் சொன்னேன். காய வெச்சுக்கோன்னுட்டாங்க. அப்புறம் என்ன செய்ய, ஒட்ட வேண்டியதை ஒட்டி அப்படியே உலாவ விட்டுட்டேன். புள்ளைங்க திருப்பிக் கொண்டு வர்றப்ப ஒவ்வொண்ணும் வண்டிப் படியில நின்னு அழுவும். மாமா, அப்புறம் மெரின் என்ன ஆனா? எனக்கு எப்படிம்மா தெரியும்?

— ஏன், நாய் திங்கறதுக்கு முன்னால நீங்க படிச்சிருப்பீங்கல்ல?

— நான் எங்கம்மா படிச்சேன்? எனக்குப் படிக்கத் தெரிஞ்சது ரோடு ஒண்ணுதான். புத்தகம் அட்டையோட சரி.

— அப்பா. ஊருக்கெல்லாம் புத்தகம் கொடுத்துட்டு நீங்க ஒண்ணுகூடப் படிச்சதில்லையா?

— பேக்கரிக்காரன் பன் தின்னு பாத்திருக்கியா நீ?

— பேச்சை மாத்தாதீங்க மாமா. படிக்கலைன்னா எனக்கு எப்படி முடிவைச் சொன்னீங்க?

— சொல்லலையே. கேட்டேன்.

— என்ன கேட்டீங்க?

— எல்லாரையும் கேட்டது ஒண்ணுதான். நீ என்ன நெனைக்கற கண்ணு, அவ என்ன பண்ணியிருப்பா? ஜோரி நெத்தியைச் சுருக்கி ரொம்ப நேரம் யோசிச்சான். அப்புறம், மாமா, அவளுக்குப் பசிச்சிருக்கும்னான். டாம்சின் அன்னிக்கே வண்டியை எப்படி ஓட்டணும்னு எனக்குப் பாடம் எடுத்துட்டுத்தான் பதில் சொன்னா. யார் என்ன சொன்னாலும் நான் தலையை ஆட்டுவேன். ஆமா, அப்படித்தான்னு சொல்லுவேன். அதுங்க சந்தோஷமா ஓடிடும். எனக்கும் அடுத்த ஊருக்கு நேரம் ஆயிடும்.

— நான்? நான் என்ன சொன்னேன்?

— நீ யோசிக்கவே இல்ல. காலெல்லாம் சேறு, அப்பாவோட பெரிய கோட்டைப் போட்டுக்கிட்டு நின்ன. கேட்டு வாய் மூடல, அவ இருந்துடுவான்னுட்ட. ஏம்மா, கப்பல்ல போனா நல்லா ஊர் சுத்தலாமேன்னு நான்தான் கேட்டேன். என்னையே திட்டின. "விளக்கை யார் பாத்துப்பா, உங்க நாயா?"ன்னு.

— நானா கேட்டேன்?

— நீதான். பட்டன் மேல உனக்கு எப்பவும் ஒரு கண்ணு.

— எனக்காக இப்ப ஜோடிச்சு சொல்லலையே மாமா? இதுவும் மழையில நனைஞ்ச கதை இல்லையே?

— இல்லக்கா. என்னையும் அப்படித்தான் கேட்டாரு. அடுப்படியில நின்னு கேட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மெரின் அந்தக் கப்பலை வித்துட்டு ஒரு கடை வெச்சுடுவான்னு சொன்னேன். ஆமா, அப்படித்தான்னாரு. நான் இத்தனை நாள், ஆகா, கதையை நாம சரியா கண்டுபிடிச்சுட்டோம்னு பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன். என்னக்கா, சிரிக்கறீங்களா அழறீங்களா?

— ரெண்டும்தான். வயித்துல பாலை வாத்தீங்க மாமா. நேத்து ராத்திரியெல்லாம் யாரோ வாழ்ந்த வாழ்க்கையை நான் வாழ்ந்துட்டேன்னு நெனைச்சு நெனைச்சு வெந்துட்டேன். அப்ப டென்சில்கிட்ட இருக்கேன்னு சொன்னது...

— நீதான் சொன்ன. அதுக்கு முன்னாடியும் நீயேதான் சொன்ன. எனக்கு அதுல தலையாட்டின பங்குதான்.

— இந்தாங்க டீ. குங்குமப்பூ பன்னும் இருக்கு, ஒரு வாய் சாப்பிடுங்க. முகத்துல இப்பதான் களையே வருது உங்களுக்கு.

— குடு, பசி கொல்லுது. காலையில இருந்து பச்சைத் தண்ணிகூட உள்ள போகல. உங்களை என்னென்னவோ திட்டிக்கிட்டே வந்தேன் மாமா, மனசுல வெச்சுக்காதீங்க.

— ஆபீசுக்காரன் திட்டாததா. அது என்ன சத்தம்?

— மணிப்பா. அக்கரையில யாரோ துறை மணியை அடிக்கறாங்க. விடாம அடிக்கறாங்க.

— ரோஸ் டீச்சரா இருக்கும், அவங்களுக்குத்தான் பொறுமை கிடையாது. இதோ வர்றேன், வர்றேன். பன்னைக் கையில எடுத்துக்கறேன் கெர்ரா. வர்றேன் மாமா.

— லவ்டே, ஒரு நிமிஷம். இத்தனை வருஷமா ஊருல உள்ள புள்ளைங்களையெல்லாம் கேட்டுட்டேன். நிச முடிவு என்னன்னு எனக்கு மட்டும் இன்னும் தெரியாது. மெரின் என்னதான் பண்ணா?

— நீங்க என்ன நெனைக்கறீங்க மாமா? அவ என்ன பண்ணியிருப்பா?

— நானா? என்னை யாரும் கேட்டதில்லையே.

— இப்ப நான் கேக்கறேன்.

— போயிருப்பாம்மா. விளக்கைப் பாறை மேல வெச்சுட்டு, கப்பல்ல ஏறி, திரும்பிக்கூடப் பாக்காம போயிருப்பா. நான் எந்த ரோட்டுல போனாலும் கடைசியில கடல் வந்துடும், வண்டியைத் திருப்பிக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் எஞ்சினை நிறுத்திட்டு அங்கேயே பாத்துக்கிட்டு நிப்பேன். அவளாவது போயிருக்கணும்.

— ஆமா மாமா, அப்படித்தான். புத்தகம் எழுதின அம்மாவும் அப்படியேதான் முடிச்சிருக்காங்க.